ஐந்து நாள் கூலிக்கு ஒரு காதுக்கவசம்

இலங்கை மலையகத்தில் நோர்வுட் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், தூளைச் சலித்துப் பிரிக்கும் சிஃப்டிங் பகுதியில் 19 வருடமாக வேலை செய்கிறேன். வயது 43. தலைக்கு மேலால் பட்டி வந்து இரண்டு காதையும் மூடும் காதுக்கவசம் ஒன்றை 2024 கடைசியில் வாங்கினேன். விலை 6,750 ரூபாய். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, 1,350. என் மனைவி ஐந்து நாள் மலையேறிக் கொழுந்து எடுத்தால் வரும் காசு அது. வாங்கச் சொன்னதும் அவள்தான்.

அந்த வருடம்தான் கண்டியில் ஒரு மனநல மருத்துவர் எனக்கு ஆட்டிசம் இருப்பதாக உறுதி செய்தார். சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்பதற்காக அம்மாவையும் கூட்டி வரச் சொன்னார். அம்மா யோசிக்கவே இல்லை. "தப்பு மேளம் அடிச்சா போதும் ஐயா, இவன் தேயிலைக்குள்ள ஓடி ஒளிஞ்சிக்குவான். சாமி ஊர்வலம் போறப்ப நான் டோர்ச்ச எடுத்துக்கிட்டு இவனத் தேடிக்கிட்டு இருப்பேன்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சத்தம், வெளிச்சம், துணி உரசுவது இதெல்லாம் தாங்க முடியாமல் போவதும் ஆட்டிசத்தின் அடையாளம்தான் என்று மருத்துவர் விளக்கினார். மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பார்க்கும் டி.எஸ்.எம்-5 என்ற கையேடு 2013இல் வந்தபோதுதான் அதை அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்த்தார்களாம். நான் பள்ளிக்கூடத்தை விட்டு அதற்குள் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

சரி, கவசத்துக்கு வருகிறேன். முதலில் பஞ்சு மாதிரி அமுங்கும் சின்ன அடைப்பான்களைத்தான் போட்டுப் பார்த்தேன். அவற்றை விரலால் உருட்டித்தான் காதுக்குள் விட வேண்டும். எங்கள் கையில் எந்த நேரமும் தேயிலைத் தூசி. இரண்டாம் நாளே காது அரிக்கத் தொடங்கியது. கவசத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளலாம்.

பெட்டியில் 27 டெசிபல் சத்தம் குறையும் என்று போட்டிருக்கிறது. அதை அப்படியே நம்பி வாங்காதீர்கள். அது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. அந்த எண்ணில் ஏழைக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கிப் பார்ப்பது அமெரிக்காவில் தொழிற்சாலைப் பாதுகாப்பைப் பார்க்கும் ஓஷாவின் வழக்கம். அப்படியானால் 10 டெசிபல்தான் குறையும். காதுக்கு அது ஏறக்குறைய பாதிச் சத்தம். கீச்சென்ற சத்தம் நன்றாக அடங்குகிறது, சல்லடை மெஷினின் அடித்தொண்டை உறுமல் அவ்வளவாக அடங்குவதில்லை. எனக்கு அந்தப் பாதி போதும். முன்பெல்லாம் வேலை விட்டு வந்தால் வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் சுவரைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். யார் பேசினாலும் பதில் வராது. கிட்ட வரக்கூடாது என்று மகள் பழகியே போயிருந்தாள். இப்போது நான் முகம் கழுவி வருவதற்குள் பள்ளிக்கூடக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். கவசத்துக்கு நான் மதிப்பெண் போட வேண்டுமென்றால் இதற்குத்தான் போடுவேன்.

வேலையிடத்தில் ஒரு ஆபத்து உண்டு. பின்னால் இருந்து கூப்பிட்டால் கேட்காது. ஒருவர் தோளைத் தட்டினார், நான் துள்ளி விழுந்து மெஷின் பக்கம் சாயப் பார்த்தேன். அன்றைக்கே தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயாவிடம் போய் எனக்கு இருப்பதைச் சொன்னேன். அதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் எல்லோரையும் கூப்பிட்டு, "அவரத் தொடாதீங்க, முன்னுக்கு வந்து கையக் காட்டுங்க" என்றார். அதற்கு மேல் எதுவும் விசாரிக்கவில்லை. அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

தொழிற்சாலைக்குள் கவசம் போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹட்டன் பஸ்ஸில் போட்டால் முழு பஸ்ஸும் பார்க்கும். முதல் மாதம் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். அப்புறம் ஒரு நாள், பாட்டுச் சத்தத்தில் வாந்தி வருகிற மாதிரி ஆகி, எடுத்து மாட்டிக்கொண்டேன். "என்ன அண்ணே, காது வலியா?" என்று கண்டக்டர் தம்பி கேட்டார். "சத்தம் தாங்காது தம்பி" என்றேன். அவர் டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார், பாட்டுக் குறைந்தது. எல்லாப் பஸ்ஸிலும் இது நடக்காது. ஆனாலும் கேட்டால் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொத்து ரொட்டிக் கடையிலும் இப்போது உட்கார்ந்தே சாப்பிடுகிறேன். மனைவி பார்சல் கட்டி வரும் வரை ரோட்டில் நின்ற காலம் போய்விட்டது.

குறைகளும் இருக்கின்றன. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு, காதில் மாட்டும் அதன் கம்பி கவசத்துக்கும் தலைக்கும் இடையில் புகுந்து அந்த இடுக்கால் சத்தம் உள்ளே வரும், நேரம் போகப் போக வலிக்கும். நான் மெல்லிய கம்பி உள்ள கண்ணாடிக்கு மாறினேன். இறுக்கம் எனக்குப் பிடிக்கும், தலையை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி ஆறுதல். அது பிடிக்காதவர்கள் கடையிலேயே பத்து நிமிடம் போட்டுப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, அமைதியான இடத்தில் கழற்றிவிடுங்கள். எந்நேரமும் மூடியே வைத்திருந்தால் காது இன்னும் கூச ஆரம்பிக்கும் என்று மருத்துவர் எச்சரித்தார். வீட்டுக்குள் நான் போடுவதே இல்லை.

காதைச் சுற்றி உட்காரும் கவசத்தின் மெத்தை வியர்வையில் ஏழெட்டு மாதத்தில் காய்ந்து வெடித்துவிட்டது. வெடித்தால் சத்தம் உள்ளே வரும். மெத்தையை மட்டும் தனியாக மாற்றக்கூடிய வகையா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். என்னுடையது மாற்றலாம், ஆனால் ஹட்டனில் கிடைக்கவில்லை, கொழும்பிலிருந்து வரவழைத்தேன். அடுத்த ஜோடிக்கும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், திருவிழாவுக்கு முன் வந்துவிட வேண்டும்.