வெயில் ஊருக்கு வெண்பனி வருமுன்: அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையை முள்ளியவளையிலிருந்து பார்த்த ஐந்து நாட்கள்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். விடியற்புறம் வைக்கோற்போரை நனைத்து, நந்திக்கடலின் மேல் புகைபோல் நின்று, வெயில் ஏறியதும் கலைந்துவிடும் பனியைத்தான் வன்னியில் நாங்கள் அறிவோம். 2025ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகருக்கும் கல்வெஸ்டன் கடற்கரைக்கும் இடையே குடியிருக்கும் என் மகள் தொலைபேசியில், "அம்மா, வாற கிழமை இங்க ஸ்னோ கொட்டப்போகுதாம்" என்றாள். முல்லைத்தீவைப் போலவே புழுக்கமும் உப்புக் காற்றும் சூறாவளிப் பயமும் உள்ள ஊர் அது. கனடாவில் இருக்கும் தங்கையின் பிள்ளைகளுக்கு வெண்பனி ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளி. என் மகளின் வீட்டிலோ கனத்த குளிர்ச்சட்டைகூட ஆளுக்கொன்று இல்லை.

அன்றிரவிலிருந்து பனி விழுந்து முடியும் வரை, ஐந்து நாட்கள், அமெரிக்க அரசின் தேசிய வானிலைச் சேவையின் இணையத்தளத்தை நான் நாளுக்கு நான்கைந்து தடவை திறந்து பார்த்தேன். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இங்கிருந்து வானத்தைப் பார்த்துத் தவிக்கும் பெற்றோர் வன்னியில் வீட்டுக்கு வீடு இருப்பதால், அந்தச் சேவை எனக்கு எப்படிப் பயன்பட்டது என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரைப் புள்ளியை ஏன் பிடித்துவைத்தேன் என்பதையும் சொல்வேன்.

இந்தச் சேவை 1870இல் தொடங்கப்பட்டது. இன்று 122 உள்ளூர் அலுவலகங்கள் அந்தந்தப் பகுதிக்குரிய முன்னறிவிப்பைத் தயாரிக்கின்றன. பார்ப்பதற்குப் பணமோ பதிவோ தேவையில்லை, விளம்பரமும் இல்லை. பக்கங்கள் பெரும்பாலும் எழுத்தாகவே இருப்பதால், மழை நாளில் எங்கள் ஊரில் சிக்னல் ஒரு கோடாகச் சுருங்கும்போதும் அவை திறந்துகொள்கின்றன. மகளின் தபாற் குறியீட்டை இட்டதும் ஹூஸ்டன், கல்வெஸ்டன் பகுதிக்குரிய அலுவலகத்தின் பக்கம் வரும். அங்கே தோன்றும் வரைபடத்தில் அவளுடைய தெரு இருக்கும் இடத்தைத் தொட்டால், ஏறத்தாழ இரண்டரை கிலோமீற்றர் அகலமுள்ள ஒரு சிறு கட்டத்துக்கு மட்டும் உரிய முன்னறிவிப்புக் கிடைக்கும். முள்ளியவளைக்கு ஒன்று, வற்றாப்பளைக்கு வேறொன்று, கரையிலுள்ள அளம்பிலுக்கு இன்னொன்று என்று பிரித்துச் சொல்வதற்கு ஒப்பான நுணுக்கம் இது. மணிக்கு மணி வெப்பநிலை, காற்று, மழை, வெண்பனி ஆகியவற்றைக் காட்டும் கோட்டுப்படம் ஒன்றும் உண்டு. அங்குள்ள நேரம் எங்களைவிடப் பதினொன்றரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், அந்தப் படத்தைப் பார்த்து, இன்ன நேரத்தில் அவள் உறங்கிக்கொண்டிருப்பாள், இன்ன நேரத்தில் குளிர் உச்சத்துக்குப் போகும் என்று ஒரு கொப்பியில் இரண்டு நிரல்களாக எழுதிவைத்துக்கொண்டேன்.

என் கைத்தொலைபேசியில் முன்னரே இருந்த ஒரு வானிலைச் செயலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது ஒரு வெண்பனிப் படத்தையும் ஓர் எண்ணையும் மட்டும் காட்டியது. காலையில் ஐந்து அங்குலம் என்றது, மாலையில் ஒன்று என்றது, மறுநாள் மீண்டும் நான்கு என்றது. எதற்காக மாறியது என்று ஒரு சொல்லும் இல்லை. பார்க்கப் பார்க்க நெஞ்சு பதைத்ததே தவிர விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாளே அதை மூடிவிட்டேன்.

தேசிய வானிலைச் சேவையில் என்னை நிறுத்திவைத்தது வேறொரு பக்கம். ஒவ்வோர் உள்ளூர் அலுவலகத்திலும் பணியிலிருக்கும் முன்னறிவிப்பாளர் நாளுக்குச் சில தடவைகள் தமது யோசனையைக் கட்டுரையாக எழுதி வெளியிடுகிறார். கணினி மாதிரிகள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன, தாம் எதை நம்புகிறார், எதில் இன்னும் ஐயம் வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் அதில் காரணத்தோடு சொல்கிறார். முப்பது வருடம் வகுப்பறையில் நின்ற எனக்கு, விடையை மட்டும் எழுதாமல் செய்கை வழியையும் காட்டும் மாணவனின் கொப்பியைப் பார்ப்பது போலிருந்தது. சொற்கள் கடினமானவை, முதல் நாள் பாதிதான் விளங்கியது. அடுத்தடுத்த நாட்களில் ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வந்ததால் பிடிபட்டுவிட்டன.

அந்தக் கரையில் வெண்பனி ஏன் அரிது என்பதை அப்படித்தான் அறிந்தேன். வடதுருவத்துக் குளிர்காற்று கனடாவிலிருந்து கீழிறங்கினால், அதைத் தடுத்து நிறுத்த இடையில் குறுக்கு மலை எதுவும் இல்லை. சமவெளியில் வழிந்து கடற்கரை வரை வந்துவிடும். ஆனால் அந்தக் காற்று வறண்டது. பனி பெய்ய ஈரம் வேண்டும். ஈரம் தெற்கேயுள்ள மெக்சிக்கோ வளைகுடாக் கடலிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கடற்காற்றோ வெதுவெதுப்பானது. எனவே குளிர் தரையில் நிலைத்திருக்கும் அதே வேளையில், வளைகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகி ஈரத்தை மேலே தள்ள வேண்டும். தாழமுக்கம் கரையைச் சற்று அதிகமாக நெருங்கினால் நடுவானில் வெப்பப் படை ஒன்று புகுந்து, பனித்துகள் உருகி, தரையைத் தொட்டதும் உறையும் மழையாகிவிடும்; சற்று விலகிப் போனால் வறண்ட காற்று ஈரத்தையெல்லாம் குடித்துவிட, ஒன்றும் விழாமலே போகலாம். ஓர் அங்குல மழைநீர் ஏறத்தாழப் பத்து அங்குல வெண்பனியாகப் படியும் என்பது பொதுக் கணக்கு. நீரின் அளவில் ஏற்படும் சிறு தவறு நிலத்தில் பத்து மடங்காகத் தெரிவதன் காரணம் இதுவே. செயலி ஏன் ஐந்துக்கும் ஒன்றுக்கும் இடையே தத்தளித்தது என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அந்த ஐயத்தை இச்சேவை மறைப்பதில்லை. வெண்பனியின் அளவை மூன்று எண்களாகத் தருகிறார்கள். பெரும்பாலும் எதிர்பார்க்கப்படும் அளவு ஒன்று. அதற்குக் கீழே, பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்போடு தாண்டப்படக்கூடிய குறைந்த அளவு. அதற்கு மேலே, பத்தில் ஒரு பங்கு வாய்ப்பே உள்ள உச்ச அளவு. நான் மகளுக்கு எப்போதும் மூன்றாவதைத்தான் வாசித்துக் காட்டினேன். ஆயத்தம் செய்பவருக்கு அந்த எண்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

எச்சரிக்கையும் படிப்படியாக வருகிறது. நிலைமை உருவாகக்கூடும் என்றால் 'வாட்ச்'. நிகழப்போவது ஏறத்தாழ உறுதி என்றால் 'வார்னிங்'. வட மாநிலங்களில் பல அங்குலம் எதிர்பார்த்தால்தான் விடுக்கப்படும் எச்சரிக்கை, பனியறியாத தென்கரையில் மிகக் குறைந்த அளவுக்கே விடுக்கப்படுகிறது. அந்த மண்ணில் அந்த அளவே ஊரை முடக்கிவிடும் என்பதை உணர்ந்து வைத்த விதி அது.

செய்ய வேண்டியவற்றை உள்ளூர் நிர்வாகங்களும் வானிலை அலுவலகமும் நான்கு சொற்களில் அடக்கிவிடுகின்றன: மனிதர், வளர்ப்புப் பிராணிகள், தண்ணீர்க் குழாய்கள், செடிகள். ஆங்கிலத்தில் நான்கும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் என் பேத்தி அதை மனனம் செய்து தொலைபேசியில் எனக்கு ஒப்புவித்தாள். இவற்றில் குழாயைப் பற்றி எனக்கு முன்பு எதுவும் தெரியாது. வெப்ப நாட்டு வீடுகளில் நீர்க்குழாய்கள் கூரைக்குக் கீழும் வெளிச்சுவரிலும் போர்வையின்றிச் செல்கின்றன. உள்ளே நீர் உறைந்தால் விரிந்து குழாய் வெடிக்கும். வெளிக் குழாய்களைத் துணியால் சுற்றிக் கட்டவும், வீட்டுக்குள் ஒரு குழாயை இரவு முழுவதும் நூல்போல ஒழுக விடவும், பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று பகலிலேயே பார்த்துவைக்கவும் சொல்கிறார்கள்.

இந்த அறிவுரைகளுக்குப் பின்னால் பெரும் துயரம் ஒன்று இருக்கிறது. 2021 பெப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியபோது ஹூஸ்டனில் வெப்பநிலை 13 பாகை பாரன்ஹைட்டுக்கு, அதாவது பூச்சியத்துக்குக் கீழே பத்து பாகை செல்சியஸுக்கும் அப்பால் சென்றது. நாற்பத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் நின்றது. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தனர். குளிருக்குப் பயந்து கரியடுப்பையும் மின்பிறப்பாக்கியையும் வீட்டுக்குள் இயக்கி, நச்சுப்புகையால் மாண்டவர்களும் அவர்களுள் உண்டு. கதவை அடைத்துவிட்டுக் கரி மூட்ட வேண்டாம் என்று மகளிடம் மூன்று தடவை சொன்னேன். எங்கள் வீடுகளில் காற்று நுழையக் கிடுகிடையே வழி இருந்தது. அவளுடைய வீட்டில் இல்லை.

பழைய பதிவுகளைப் புரட்டியபோது ஓர் ஆண்டில் என் கண் நின்றுவிட்டது. இதே டெக்சாஸ் கரையில் அதற்கு முன்னர் பேசப்பட்ட பெரும் பனி 2004ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் திகதி இரவும் 25ஆம் திகதியும் விழுந்திருக்கிறது. விக்டோரியா என்ற ஊரில் பன்னிரண்டரை அங்குலம். அங்கே பிள்ளைகள் அந்தப் பனியில் விளையாடிய மறுநாள் காலையில்தான் முல்லைத்தீவுக் கரைக்குக் கடல் வந்தது. நில அதிர்வு நிகழ்ந்து அலை எம்மை அடைவதற்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது; இந்து சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. அந்த இரண்டு மணித்தியாலத்தை நினைக்காமல் எந்த முன்னறிவிப்பையும் என்னால் வாசிக்க முடிவதில்லை.

குளிரைப் பற்றியும் வன்னிக்கு ஒரு பாடம் உண்டு. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் வங்கக்கடலில் நகர்ந்தபோது, வாடைக்காற்றும் இடையறாத மழையும் சேர்ந்து வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றன. நீர் உறையும் குளிருக்கு அது கிட்டவும் வரவில்லை. பழக்கமில்லாத உடலுக்கு நனைவும் காற்றும் மட்டுமே போதுமாயிருந்தன. எங்கள் பட்டியில் ஏழு மாடுகள் விடிவதற்குள் சரிந்தன. எத்தனை பாகை என்பதைவிட, அந்த இடம் எதற்குப் பழகியது என்பதே கணக்கு. தென்கரைக்கு வேறு அளவுகோல் வைத்திருக்கும் அந்தச் சேவையின் விதி எனக்கு உடனே நெருக்கமானதற்கு இந்த அனுபவமே காரணம்.

இனிக் குறைகள். பெரும்பாலானவை பாரன்ஹைட்டிலும் அங்குலத்திலும் இருக்கின்றன. 32 என்பது உறைநிலை என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளாமல் எதையும் விளங்கிக்கொள்ள முடியாது. 'வாட்ச்', 'வார்னிங்' என்ற இரு சொற்களும் செவிக்கு ஒன்றுபோல ஒலிப்பதால் எது கடுமையானது என்று அமெரிக்கர்களே குழம்புவதுண்டு. அறிவித்தல் முறையை எளிமையாக்க அந்தச் சேவையே பல ஆண்டுகளாக முயன்று வருகிறது. நான் புகழ்ந்த அந்தக் கட்டுரைப் பக்கம் முகப்பில் இல்லை. பக்கத்தின் அடியிலுள்ள இணைப்புகளுக்குள் தேட வேண்டும். ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்த எனக்கே பேரனின் துணை தேவைப்பட்டது. அரைப் புள்ளி இவற்றுக்காகவே.

முன்னறிவிப்பு எவ்வளவு சரியாயிற்று? அங்கே செவ்வாய் விடியற்காலை, இங்கே செவ்வாய் பிற்பகல், சொன்ன நேரத்துக்குப் பனி தொடங்கியது. ஹூஸ்டன் பகுதியில் பல இடங்களில் இரண்டு முதல் நான்கு அங்குலம் படிந்தது. விமான நிலையங்களும் பாடசாலைகளும் முன்கூட்டியே மூடப்பட்டிருந்தன. கிழக்கே லூசியானாவின் லேக் சார்ள்ஸ் அலுவலகம் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடும் பனிப்புயல் எச்சரிக்கை விடுத்தது. நியூ ஓர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலம். புளோரிடாவின் மில்ற்றனில் 9.8 அங்குலம், அந்த மாநிலத்தின் வரலாற்றில் இதுவே அதிகம்.

டெக்சாஸிலோ லூசியானாவிலோ புளோரிடாவிலோ பிள்ளைகள் உள்ளவர்கள் அவர்களின் தபாற் குறியீட்டைக் கேட்டு இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அவர்களின் தெருவைத் தொட்டு, மணிக்கணக்குப் படத்தைத் திறந்து, வெப்பநிலைக் கோடு 32ஐத் தொடும் நேரத்தைக் குறித்து, அதனோடு பதினொன்றரையைக் கூட்டினால் எங்கள் நேரம் வரும். புளோரிடாவின் கிழக்குப் பகுதிக்குப் பத்தரை.

அன்று பிற்பகல் மகள் தொலைபேசியை முதலில் சன்னலருகே கொண்டுபோய் வெள்ளையாகிப்போன முற்றத்தைக் காட்டினாள். பிறகு குசினித் தொட்டிக்கு மேல் பிடித்தாள். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அது நிற்காமல் ஒழுகும் ஓசையைக் கேட்டபின்தான் நான் எழுந்து, பட்டியின் வாடைப் பக்கத்துத் தறப்பாளை இறுக்கிக் கட்டப் போனேன்.