புது வீடு: பொருள் சரி, வேலைதான் போதாது

பில்டர் கட்டி முடித்துச் சாவி கொடுத்த வீடு. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போன பிறகுதான் எழுதுகிறேன். பில்டர் பெயர் வேண்டாம். இங்கே சொல்லும் குறைகளை வேறு ஆட்கள் கட்டிய வீடுகளிலும் பார்த்திருக்கிறேன்.

வீடு பார்க்க வரும் பெரியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: "அந்தக் காலத்துச் செங்கல் மாதிரி வருமா?" எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போட்டிருக்கும் பொருள் எதுவும் மட்டமில்லை. பொருள் மாறியது தெரியாத மாதிரி வேலை நடந்திருக்கிறது, அதுதான் கோளாறு.

முதலில் சுவர். ஏஏசி பிளாக், அதாவது செங்கலுக்குப் பதில் வைக்கும் இலேசான கட்டி. கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோதான், செங்கல் எடையில் பாதிகூட வராது. உள்ளே காற்றுக் குமிழிகள் இருப்பதால் வெயிலின் சூடு மெதுவாகத்தான் இறங்குகிறது. மதியத்தில் அறைக்குள் உட்கார முடிகிறது. ஆனால் கோடை முடிவதற்குள் தூணும் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்த மாதிரி விரிசல். கான்கிரீட் ஒரு கணக்கில் சுருங்கும், பிளாக் வேறு கணக்கில் சுருங்கும். அதனால் அந்த இணைப்பில் வலை அடித்துத்தான் பூச வேண்டும். பூச்சைப் பெயர்த்துப் பார்த்தால் வலையே இல்லை. கரண்ட் பைப் பதிக்கக் கட்டர் போட்டு வெட்டாமல், செங்கல் சுவர் என்ற நினைப்பில் சுத்தியலால் கொத்தியிருக்கிறார்கள். செங்கல் தாங்கும். இது பொலபொலவென்று உதிரும்.

அடுத்தது தரை. எனக்கு வயிற்றெரிச்சல் இதில்தான். நல்ல விட்ரிஃபைடு டைல்ஸ் (அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கியது), கறை பிடிக்காது, துடைத்தால் பளிச். ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிக்கொண்டே போனால் ஹால் நடுவில் பல டைல்ஸ் அடியில் வெற்றிடம் இருக்கிற மாதிரி டொக் டொக் என்கின்றன. "டைல்ஸ்னா கொஞ்சம் சத்தம் வரத்தான் சார் செய்யும்" என்றார் சைட் இன்ஜினியர். ஒன்றைக் கழற்றச் சொன்னேன். அலுங்காமல் வந்தது. பின்பக்கம் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்த மாதிரி இருந்தது: வார்ப்பில் வந்த கோடுகள், கம்பெனி எழுத்துகள் எல்லாம் துல்லியம், ஒரு பொட்டு சிமெண்ட்கூடப் பிடிக்கவில்லை.

பழைய மண் ஓடும் சாதாரணத் தரை டைல்ஸும் தண்ணீரைக் குடிக்கும், சிமெண்ட் பாலை (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) ஊற்றினால் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு உறிஞ்சுவது எடையில் 0.5 சதவீதம்கூட இருக்காது. அதற்கென்றே விற்கிற ஒட்டும் கலவையைப் பல் வைத்த கரண்டியால் இழுத்து, பின்பக்கம் முழுக்கப் படிகிற மாதிரி பதிக்க வேண்டும். இங்கே சிமெண்ட் பாலை ஊற்றி, தட்டி, மட்டம் பார்த்து, போய்விட்டார்கள். கனமான பாத்திரம் கைதவறி விழுந்தால் முதலில் உடைவது இந்த டைல்ஸ்தான்.

யூபிவிசி, அதாவது பிளாஸ்டிக் சட்டம் போட்ட ஜன்னல் விஷயம் சிரிப்பு. மழை பெய்தால் உள்பக்கம் தண்ணீர் வழிந்தது. சட்டத்தின் வெளிப்பக்கம் அடியில் சின்னத் துளைகள் இருக்கும்; ஜன்னல் நகரும் தடத்தில் தேங்கும் மழைநீர் வெளியே போக வைத்தது. ஓட்டை இருக்கிறதே என்று யாரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றிலும் சிலிக்கோன் பசை வைத்து அடைத்திருக்கிறார்!

குளியலறையைக் குறை சொல்ல முடியாது. டைல்ஸ் போடும் முன் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுக் கீழே கசிகிறதா என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். வாட்டமும் சரி, எங்கும் தேங்குவதில்லை. அந்த மேஸ்திரி விவரமானவர். தண்ணீருக்குப் போட்ட சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பில் இதுவரை ஒழுகல் இல்லை. உள்சுவர் ஜிப்சம் பூச்சு பட்டி பார்க்காமலே வழவழவென்று இருக்கிறது.

புகார் கொடுத்ததும் விரிசலை வெட்டி, வலை வைத்துப் பூசித் தந்தார்கள். ஜன்னல் துளைகளை நானே குத்தித் திறந்தேன். டைல்ஸ் மட்டும் பாக்கி. மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். திரும்பவும் சிமெண்ட் பால்தான் என்றால் ஆளே அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.