அசெம்ப்ளியில் சிம்பல் விசிபிலிட்டி: எது உழைக்கிறது, எது கையைக் கடிக்கிறது

சி கோடும் கையால் எழுதிய அசெம்ப்ளியும் கலந்த ஷேர்டு லைப்ரரியைப் பல வருடம் பராமரித்தால்தான் விசிபிலிட்டி டைரக்டிவ்களின், அதாவது ஒரு சிம்பல் (ஃபங்ஷன் அல்லது டேட்டாவின் பெயர்) வெளியே தெரியலாமா என்று அசெம்ப்ளருக்குச் சொல்லும் வரிகளின், உண்மையான குணம் தெரியும். லினக்ஸ், எல்ஃப் கோப்பு வடிவம், காஸ் என்கிற ஜிஎன்யூ அசெம்ப்ளர், கொஞ்சம் நாஸ்ம் என்ற இன்னொரு அசெம்ப்ளர்: இந்தச் சூழலை வைத்துத்தான் கீழே உள்ளவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அசெம்ப்ளி கோப்பில் குளோபல் என்று அறிவிக்கும் ஒவ்வொரு பெயரோடும் ஹிடன் (லைப்ரரிக்கு வெளியே காட்டாதே என்ற டைரக்டிவ்) சேர்ந்தே வர வேண்டும். லைப்ரரிக்கு வெளியே தெரிய வேண்டிய பெயர்தான் விதிவிலக்கு. இதை மேக்ரோவுக்குள் பூட்டிவிட வேண்டும், எழுதுபவரின் ஞாபகத்தில் விடக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், சி பக்கம் இருப்பவர்கள் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஜிசிசி கம்பைலரின் 4.0 பதிப்பு வந்த 2005 முதல் விசிபிலிட்டியை ஹிடன் ஆக்கும் ஃபிளாக் இருக்கிறது. அதை மேக்ஃபைலில் ஒரு தடவை போட்டால் சி ஃபங்ஷன்கள் எல்லாம் உள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அது கம்பைலருக்கான ஃபிளாக். அசெம்ப்ளி உள்ள எஸ் கோப்பை அதே கமாண்டில் கொடுத்தாலும் அசெம்ப்ளருக்கு அந்தச் செய்தி போவதே இல்லை. நீங்கள் குளோபல் என்று எழுதிய பெயர் அப்படியே டைனமிக் சிம்பல் டேபிளில் (லைப்ரரி வெளியே காட்டும் பெயர்களின் பட்டியல்) போய் உட்காரும்.

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எல்ஃப் சிம்பலுக்கு பைண்டிங் வேறு, விசிபிலிட்டி வேறு. பைண்டிங்கில் லோக்கல் 0, குளோபல் 1, வீக் 2. ஒரு ஆப்ஜெக்ட் கோப்பில் உள்ள பெயரை இன்னொரு ஆப்ஜெக்ட் கோப்பு பார்க்கலாமா என்பது இதன் கேள்வி. விசிபிலிட்டி, எஸ்டி அதர் என்ற புலத்தின் கடைசி இரண்டு பிட்டில் இருக்கிறது: டிஃபால்ட் 0, இன்டர்னல் 1, ஹிடன் 2, புரொடெக்டட் 3. லிங்க் முடிந்த பிறகு அந்த லைப்ரரிக்கு வெளியே பெயர் தெரியுமா என்பது இதன் கேள்வி. ஆகவே குளோபலும் ஹிடனும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. பல ஆப்ஜெக்ட் கோப்புகள் பகிரும், ஆனால் வெளியே போகாத ஃபங்ஷனுக்கு இரண்டுமே வேண்டும்.

ஹிடன் இல்லாவிட்டால் முதலில் அடிபடுவது டேட்டா. 16 பைட் ஷஃபிள் மாஸ்க் ஒன்று ஒரு கோப்பில் குளோபலாக இருக்கிறது, இன்னொரு கோப்பு அதன் முகவரியை ஆர்ஐபி (ஓடிக்கொண்டிருக்கும் இடத்தைக் காட்டும் ரெஜிஸ்டர்) சார்ந்த லீ கட்டளையால் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டிக்காக லிங்க் செய்யும்வரை ஒரு சத்தமும் வராது. ஷேர்டு லைப்ரரியாகக் கட்டியவுடன் லிங்கர் நிறுத்திவிடும்: ஆர் எக்ஸ்86-64 பிசி32 ரீலொகேஷனை (லிங்கர் பிறகு நிரப்ப வேண்டிய முகவரிக் குறிப்பு) இந்த சிம்பலுக்குப் பயன்படுத்த முடியாது, எஃப்-பிக் (எந்த முகவரியில் லோடானாலும் ஓடும் கோடு தரும் ஃபிளாக்) போட்டு மறுபடி கம்பைல் செய் என்று. அந்த அறிவுரை அசெம்ப்ளிக்கு எந்த விதத்திலும் உதவாது, கட்டளையை எழுதியது நீங்கள்தானே. டிஃபால்ட் விசிபிலிட்டி உள்ள பெயரை ஓடும் நேரத்தில் வேறொரு லைப்ரரி தன்னுடையதால் மாற்றிவிடலாம். அதனால் தூரத்தை லிங்கர் இப்போதே முடிவு செய்ய மறுக்கிறது. இதற்கு வழி இரண்டு. காட் டேபிள் (ஓடும் நேரத்தில் உண்மையான முகவரிகள் நிரப்பப்படும் அட்டவணை) வழியாக முகவரியை லோடு செய்வது ஒன்று, அதற்கு ஒரு மெமரி லோடும் பெரும்பாலும் ஒரு ரெஜிஸ்டரும் கூடுதலாகச் செலவு. ஹிடன் போடுவது இன்னொன்று, எழுதிய கட்டளை அப்படியே செல்லுபடியாகும். உள்ளே மட்டும் பயன்படும் டேபிளுக்கு இரண்டாவதுதான் சரி, யோசிக்கவே வேண்டாம்.

ஆர்ம் 64-இலும் இதே கதைதான். முகவரியை எடுக்கும் ஏடிஆர்பி கட்டளையும், அதன் கீழ் 12 பிட்டைச் சேர்க்கும் ஆட் என்ற கூட்டல் கட்டளையும் சேர்ந்த ஜோடியை டிஃபால்ட் சிம்பல் மேல் பிரயோகித்தால், வெளியே பைண்ட் ஆகக்கூடிய சிம்பல் என்று சொல்லி லிங்கர் திருப்பி அனுப்பும். ரிஸ்க்-ஃபைவில் பிக் முறையில் எல்ஏ என்ற போலிக் கட்டளை காட் வழியே போகும், எல்எல்ஏ நேராகப் போகும். உள் டேபிள்களுக்கு எல்எல்ஏவும் ஹிடனும் ஜோடியாக இருக்கட்டும்.

ஃபங்ஷனைக் கூப்பிடும் கால் கட்டளை இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது பிழையே காட்டாது. காஸும் லிங்கரும் அடங்கிய தொகுப்பான பின்யூடில்ஸின் 2.31 முதல், அதாவது 2018 முதல், எக்ஸ்86-64-இல் வெளிப் பெயருக்கான சாதாரண கால் கட்டளைக்கும் காஸ் பிஎல்டி32 ரீலொகேஷனைத்தான் போடுகிறது. முன்பு வரக்கூடிய பிழை இப்போது வராது, லிங்கர் ஒரு பிஎல்டி இடைப்படியை (காட் டேபிளில் உள்ள முகவரிக்குத் தாவும் சிறு கோடு) உருவாக்கிவிட்டு அமைதியாக இருந்துவிடும். லைப்ரரி ஓடும். ஆனால் உள் லூப்பில் இருக்கும் ஒவ்வொரு காலும் காட் வழியாகச் சுற்றிப் போகும். வேகம் குறைவதைக்கூடப் பொறுக்கலாம். ஒரே புராசஸில் இரண்டு லைப்ரரிகள் ஒரே பெயரில் உள் ஃபங்ஷன் வைத்திருந்தால், முதலில் லோடான லைப்ரரியின் ஃபங்ஷனுக்கே இரண்டின் கால்களும் போய்ச் சேரும். அசெம்ப்ளி உள் ஃபங்ஷன்கள் வழக்கமான காலிங் கன்வென்ஷனைப் பின்பற்றாமல் தங்களுக்குப் பிடித்த ரெஜிஸ்டரில் ஆர்குமென்ட் வாங்குவது சகஜம். அப்போது விழும் கிராஷ் தவறு நடந்த இடத்தில் விழாது, எங்கோ தொலைவில் விழும். விசிபிலிட்டியைக் கறாராக வைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பெரிய புராஜெக்ட்கள் இதை எப்படிக் கட்டிப்போட்டிருக்கின்றன என்று பார்ப்பது நல்லது. எக்ஸ்264 என்ற வீடியோ என்கோடரில் பிறந்து எஃப்எஃப்எம்பெக் என்ற மீடியா லைப்ரரி வரை பரவிய எக்ஸ்86இன்க் என்ற நாஸ்ம் மேக்ரோத் தொகுப்பில், சிகுளோபல் என்று அறிவித்தால் எல்ஃபில் அது தானாகவே ஹிடன். வெளியே விட வேண்டுமானால் சிவிசிபிள் என்று வேறு மேக்ரோவை வேண்டுமென்றே எழுத வேண்டும். சிகுளோபல் பெயருக்கு முன்னால் பிரைவேட் பிரிஃபிக்ஸ் (முன்னொட்டு) ஒன்றும் ஒட்டிக்கொள்ளும். டாவ்1டி என்ற வீடியோ டிகோடரின் ஆர்ம் மேக்ரோ எல்ஃபில் ஹிடன் போடுகிறது, ஆப்பிளின் மாக்-ஓ வடிவத்தில் அதே வேலைக்கு பிரைவேட் எக்ஸ்டர்ன் போடுகிறது.

சொந்தமாக மேக்ரோ எழுதுவதானால் ஐந்து விஷயம் உள்ளே இருக்கட்டும்: குளோபல், ஹிடன், டைப், லேபிள், முடியும் இடத்தில் சைஸ். டைப் விட்டுப்போனால் சிம்பல் நோடைப் (வகை சொல்லப்படாதது) ஆகப் பதிவாகும். ஆர்மின் சுருக்கமான கட்டளை வடிவமான தம்ப் கோடில் இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல, முகவரியின் கடைசி பிட் ஏறாமல் போய் பிராசஸர் தவறான முறையில் கட்டளைகளைப் படிக்கும். 32 பிட் ஆர்மில் அட் குறி கமென்ட்டின் தொடக்கம் என்பதால் டைப்புக்கு சதவீதக் குறியைப் பயன்படுத்த வேண்டும், எக்ஸ்86 கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போது தவறாமல் விடுபடுவது இதுதான். வெளியே போகும் டேட்டாவுக்கு டைப், சைஸ் இரண்டுமே இல்லையென்றால், அதைப் பயன்படுத்தும் புரோகிராமை லிங்க் செய்யும்போது டைப்பும் சைஸும் வரையறுக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை வரும். அதை ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள்.

இனி, சி பக்கத்து ஹெடர். விசிபிலிட்டி ஃபிளாக் டெஃபினிஷன்களை மட்டுமே தொடும், எக்ஸ்டர்ன் டிக்ளரேஷன்களைத் தொடாது. எனவே அசெம்ப்ளியில் ஹிடன் போட்டிருந்தாலும், சி கம்பைலருக்கு அது தெரியாமல் டேபிள் முகவரியை காட் வழியாகவே எடுக்கும்படி கோடு எழுதும். ஹெடரில் அந்த டிக்ளரேஷன்களைச் சுற்றி ஹிடன் என்ற மதிப்போடு விசிபிலிட்டி புஷ் பிராக்மா (கம்பைலருக்கான கட்டளை வரி) போட்டால் நேரான கோடு கிடைக்கும். அதற்குள் சிஸ்டம் ஹெடர் எதையும் இன்க்ளூட் செய்துவிடாதீர்கள். மெம்காபி போன்ற லிப்சி (சி-யின் அடிப்படை லைப்ரரி) பெயரும் ஹிடன் ஆகிவிடும், அந்த ஹிடன் சிம்பல் எங்கும் வரையறுக்கப்படவில்லை என்று லிங்க் முறியும்.

இப்படி நடக்கக் காரணமான விதியை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயருக்கு வெவ்வேறு ஆப்ஜெக்ட் கோப்புகள் வெவ்வேறு விசிபிலிட்டி சொன்னால், மிகக் கடுமையானதுதான் செல்லும். பெயரை வெறுமனே கூப்பிடும் கோப்பு சொன்னாலும் கணக்கில் வரும். வெளியே போக வேண்டிய ஏபிஐ பெயர் ஒன்று திடீரென்று காணாமல் போனால், டெஃபினிஷன் உள்ள கோப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், அதைக் கூப்பிடும் எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளையும் ரீட்எல்ஃபில் (எல்ஃப் கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கருவி) பாருங்கள். எங்கோ ஒரு ஹெடர் ஹிடன் என்று சொல்லியிருக்கும்.

ரீட்எல்ஃப் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆப்ஜெக்ட் கோப்பான ஓ கோப்பின் மேல், சிம்பல்களைப் பட்டியலிடும் என்எம் கருவியை ஓட்டினால், ஹிடன் ஃபங்ஷனும் டிஃபால்ட் ஃபங்ஷனும் இரண்டுமே பெரிய டி எழுத்தோடுதான் தெரியும், ஏனென்றால் அது பைண்டிங்கைத்தான் காட்டுகிறது. லிங்க் முடிந்து ஹிடன் சிம்பல் லோக்கலாக மாறிய பிறகே சின்ன டி வரும். ரீட்எல்ஃபின் சிம்பல் பட்டியலில் பைண்ட், விஸ் என்று இரண்டு தனி நெடுவரிசை இருக்கிறது. ஓ கோப்பில் குளோபல், ஹிடன் என்று அடுத்தடுத்து இருந்தால் எல்லாம் சரி.

வெளியேயும் போக வேண்டும், உள்ளேயும் நேராகக் கூப்பிட வேண்டும் என்ற ஃபங்ஷனுக்கு ஒரே முகவரிக்கு இரண்டு பெயர் வைப்பதுதான் நன்றாக உழைக்கும் வழி. பொதுப் பெயர் டிஃபால்ட்டாக இருக்கும். செட் டைரக்டிவால் இன்னொரு பெயரை அதே இடத்துக்குக் கட்டி, அதற்குக் குளோபலும் ஹிடனும் கொடுத்து, உள் கோடு முழுக்க இரண்டாவது பெயரையே கூப்பிடும். செட் விசிபிலிட்டியை நகலெடுக்காது, ஆகவே இரண்டும் தனித்தனியாக நிற்கும். ஜிஎன்யூவின் சி லைப்ரரியான ஜிலிப்சி, ஜிஐ என்ற முன்னொட்டோடு வைத்திருக்கும் உள் பெயர்கள் இந்த வகைதான்.

இதே தேவைக்குத்தான் புரொடெக்டட் இருக்கிறது, காகிதத்தில் அழகாகவும் இருக்கிறது: வெளியே தெரியும், உள்ளே மாற்ற முடியாது. நடைமுறையில் டேட்டாவுக்கு அதை நம்பிப் போகாதீர்கள். பிஐஇ அல்லாத (நிலையான முகவரியில் ஓடும்) புரோகிராம் காபி ரீலொகேஷன் மூலம் அந்த டேட்டாவைத் தன் பக்கம் ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். லைப்ரரியோ தன்னிடம் உள்ள அசலையே படிக்கும். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் தெரியாது. ஃபங்ஷனிலும் முகவரி ஒப்பீடு தவறும்: புரோகிராம் பார்க்கும் முகவரி அதன் பிஎல்டி இடம், லைப்ரரி பார்ப்பது உண்மையான இடம். லிங்கர்கள் இதைக் கையாளும் விதமும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. இன்டர்னல் இருப்பதை மறந்துவிடலாம், எக்ஸ்86-இல் ஹிடனுக்கு மேல் அது எதுவும் தருவதில்லை.

ஃபங்ஷனுக்குள் இருக்கும் லூப் லேபிள்களையும் கவனியுங்கள். காஸில் லேபிள் தானாகவே லோக்கல்தான், ஆனாலும் சிம்பல் டேபிளில் தங்கும். ஜிடிபி டீபக்கரும் ஆப்ஜ்டம்ப் கருவியும் அதை இன்னொரு ஃபங்ஷனின் தொடக்கம் போலக் காட்டும். புள்ளி எல் என்று தொடங்கினால் டேபிளுக்கே போகாது. நாஸ்மில் வெறும் புள்ளியோடு தொடங்கும் லேபிள் முந்தைய பெரிய லேபிளோடு ஒட்டிக்கொள்ளும், அது வேறு பொருள். இரண்டையும் மாறி மாறி எழுதுபவர்களுக்கு விரல் பழக்கம் தடுமாறும் இடம் இது.

காஸில் எக்ஸ்டர்ன் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான், தெரியாத பெயர் எல்லாமே வெளிப் பெயர். எழுத்துப் பிழையான பெயரும் அப்படியே கடந்து போகும். ஷேர்டு லைப்ரரி லிங்கில்கூட அது பிழையாகாது, லோடு செய்யும்போதோ கூப்பிடும்போதோதான் வெடிக்கும். லிங்கருக்கு இசட்-டெஃப்ஸ் ஃபிளாக் கொடுத்தால் அங்கேயே பிடிபடும். நாஸ்ம் இந்த விஷயத்தில் கறார், எக்ஸ்டர்ன் இல்லாமல் அசெம்பிளே ஆகாது.

வெர்ஷன் ஸ்கிரிப்டை (எந்தப் பெயர் வெளியே போகலாம் என்று லிங்கருக்குச் சொல்லும் கோப்பு) ஹிடனுக்குப் பதிலாக அல்ல, ஹிடனுக்கு மேல் இரண்டாவது காவலாக வையுங்கள். வேண்டிய பெயர்களை குளோபல் பகுதியில் எழுதி, லோக்கல் பகுதியில் நட்சத்திரக் குறி போட்டால் மற்றதெல்லாம் மறையும். ஸ்கிரிப்டில் குளோபல் என்று இருந்தும் கோப்பில் ஹிடன் என்றிருந்தால் ஹிடனே வெல்லும். ஸ்டேட்டிக் லைப்ரரிக்கு ஸ்கிரிப்ட் உதவாது என்பதும் முக்கியம்.

சொல்லப்போனால் ஸ்டேட்டிக் லைப்ரரிக்கு ஹிடனும் முழுத் தீர்வு அல்ல. இரண்டு ஏ கோப்புகளில் (ஸ்டேட்டிக் லைப்ரரிகள்) ஒரே பெயர் இருந்தால், ஹிடனாக இருந்தாலும் மோதும், ஏனென்றால் பைண்டிங் இன்னும் குளோபல். பெயருக்கு முன்னொட்டு வைப்பது எளிய மருந்து. முழுமையாக அடைக்க வேண்டுமானால் எல்லா ஓ கோப்புகளையும் எல்டி-ஆர் மூலம் ஒரே ஆப்ஜெக்டாகச் சேர்த்து, அதன் மேல் ஆப்ஜ்காபியை லோக்கலைஸ்-ஹிடன் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். ஹிடன் பெயர்கள் எல்லாம் உண்மையான லோக்கலாக மாறிவிடும்.

விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் கருவிகளோடு இந்தத் தலைவலி குறைவு, அங்கே கேட்டால்தான் எக்ஸ்போர்ட் ஆகும். டெஃப் கோப்பில் பெயர் எழுதினால் போதும். மைக்ரோசாஃப்டின் அசெம்ப்ளரான மாஸ்மில் புராக் (ஃபங்ஷன் அறிவிப்பு) இயல்பாகவே பப்ளிக் என்பதை மட்டும் மனதில் வைத்து, தேவையானால் ஆப்ஷன் புராக் பிரைவேட் போடுங்கள்.

பில்டு முடிந்ததும் இரண்டு சோதனை தானாக ஓடட்டும். முதலாவது, என்எம்மின் டைனமிக் பட்டியலில் வரையறுக்கப்பட்ட பெயர்களை மட்டும் வரிசைப்படுத்தி, ரெப்போவில் வைத்திருக்கும் ஏபிஐ பட்டியலோடு டிஃப் எடுப்பது. ஒரு வரி கூடினாலும் குறைந்தாலும் பில்டு விழ வேண்டும். இரண்டாவது, ரீட்எல்ஃபின் ரீலொகேஷன் பட்டியலில் ஜம்ப் ஸ்லாட் வரிகளை (பிஎல்டி வழியாகப் போகும் கால்கள்) பார்ப்பது. அங்கே லிப்சியின் பெயர்கள் இருப்பது இயல்பு. உங்கள் சொந்த ஃபங்ஷனின் பெயர் ஒன்று இருந்தால், அதற்கு ஹிடன் விட்டுப்போயிருக்கிறது, அல்லது உள் கோடு ஹிடன் பெயருக்குப் பதில் பொதுப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.