டவுன் டு எர்த்: வகுப்பறைக்கு வர வேண்டிய இதழ்

நம் நாளிதழ்களில் சுற்றுச்சூழல் என்றால் வெள்ளம் புகுந்த தெருக்களும், ஜூன் 5 அன்று மரக்கன்று நடும் படங்களும்தான் பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. வறுமை ஒழிப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு போன்றவற்றுக்காக 2015-இல் ஐ.நா.வில் 193 நாடுகள் ஏற்றுக்கொண்ட 17 வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளும் பல நாளிதழ்களில் மாநாட்டுச் செய்தியாகவே வந்து போயின. சுற்றுச்சூழல் ஆர்வலர் அனில் அகர்வால் 1992-இல் டெல்லியில் தொடங்கிய ‘டவுன் டு எர்த்’ என்ற மாதமிருமுறை ஆங்கில இதழை நான் விடாமல் படிப்பதற்குக் காரணம், ஒரு பிரச்சினையின் வேர் வரைக்கும் அது போவதுதான்.

எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லி விவகாரத்தில் அது செய்த பணியே போதுமான சான்று. கேரளத்தின் காசர்கோடு மாவட்ட முந்திரித் தோட்டங்கள் மீது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரில் தெளிக்கப்பட்ட அந்தப் பூச்சிக்கொல்லியின் எச்சம், அங்குள்ள பத்ரே கிராமத்து மக்களின் இரத்தத்திலும் குடிநீரிலும் இருப்பதாக, இதழின் பின்னணியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தன் ஆய்வகத்தில் சோதித்துச் சொன்னதை 2001 பிப்ரவரியில் இது வெளியிட்டது. தோட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்த மற்றோர் ஆய்வு அப்படி எச்சமே இல்லை என்றது. 2011-இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2017-இல், பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்கும்படி கேரள அரசுக்கு உத்தரவிட்டது. ஒரே ஊரைப் பற்றிய இரண்டு ஆய்வு முடிவுகளை அருகருகே வைத்து, மாதிரிகளை யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்று மாணவர்களைக் கேட்க வைக்கும் பாடம் இதைவிட வேறென்ன இருக்க முடியும்?

சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. ஆனால் மாசுபாட்டின் வகைகளை மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளைக்கு, தன் ஊர்க் குப்பை எந்தக் கிடங்குக்குப் போகிறது என்பது தெரிவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் சரக்கு இந்த இதழில் நிறையவே இருக்கிறது.

குறைகளும் உண்டு. வரைபடங்களும் புள்ளிவிவரங்களும் சில பக்கங்களில் நெருக்கியடித்துக் கிடப்பதால், பழக்கமில்லாத வாசகர் பாதியிலேயே மூடிவைத்துவிடக்கூடும். இந்தியிலும் வெளிவரும் இவ்விதழ் தமிழில் வராததுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஆங்கில நடையும் பத்தாம் வகுப்பு மாணவருக்குச் சற்றுக் கடினமே. ஆயினும் பள்ளி நூலகத்துக்கு ஒரு சந்தா கட்டி, ஆசிரியர் ஒரு கட்டுரையைத் தமிழில் விளக்கிச் சொன்னால் அந்தப் பணம் வீண்போகாது என்று உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.