கடலோர வீட்டுக்கு வெளிவிளக்கு: ஒயரிங்கா, சோலாரா?

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் எங்கள் வீடு. காம்பவுண்டு சுவர், வாசல், பின்கட்டு மூன்றுக்கும் நிரந்தரமாக விளக்குப் போட வேண்டும் என்றதும் சோலாரா, ஒயரிங்கா என்று யோசித்து, ஒயரிங்குக்கே போனோம்.

முதல் செலவில் சோலார்தான் மலிவு, சந்தேகமே இல்லை. இரண்டு ஸ்க்ரூ முடுக்கினால் வேலை முடிந்தது. ஒயரிங்கில் விளக்கின் விலையைவிட, அதுவரை கரண்டைக் கொண்டுபோகும் செலவுதான் அதிகம். மெயின் போர்டிலிருந்து எவ்வளவு தூரம், பள்ளம் தோண்டிப் பைப் புதைப்பதா, சுவரில் காடி எடுப்பதா, எத்தனை பாயிண்ட் என்பதைப் பொறுத்து எஸ்டிமேட் ஏறும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே பைப் போட்டுவிட்டால் இதில் நிறைய மிச்சமாகும். பில்லுக்குப் பயப்பட வேண்டாம்: 5 வாட் எல்.இ.டி. பத்து, தினம் 6 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட்தான்.

எங்களுக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது உப்புக்காற்று. பவுடர் கோட்டிங் போட்ட அலுமினிய பாடியில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அதன் வழியே உப்பு இறங்கி பெயிண்ட் கொப்பளித்து உரியும். இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகிவிட்டால் பல்பு மாற்றக்கூட மூடி திறக்காது. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். டப்பாவில் ஐபி65 என்று இருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். தூசியும் பீய்ச்சியடிக்கும் தண்ணீரும் உள்ளே புகாது என்பதற்கான அளவு அது. துருவுக்கு அது உத்தரவாதமில்லை. அதனால் பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக் பாடியும் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவும் கேட்டு வாங்கினோம். வழக்கமான 304 கிரேடு ஸ்டீலைவிட விலை கூடத்தான், ஆனால் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். பல்பைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகையாகவும் பார்த்தோம். நாளைக்குப் பல்பு போனால் பல்புக்கு மட்டும்தான் செலவு.

சோலாரில் பேனல், பேட்டரி, சென்சார் எல்லாமே அந்த உப்புக்காற்றில்தான் நிற்கின்றன. பேனலில் படியும் உப்பையும் தூசியையும் அடிக்கடி துடைக்காவிட்டால் சார்ஜ் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடந்தால் விடியும்வரை எரியாது. மலிவான மாடல்கள் பலவற்றில் பேட்டரி தேய்ந்தால் முழு விளக்கையும் மாற்ற வேண்டியதுதான். நான் சொல்வது பின்கட்டில் மாட்டிப் பார்த்த சிறிய ரகத்தை வைத்து. தனிப் பேனலும் நல்ல பேட்டரியும் உள்ள விலை கூடிய ரகத்தை நான் பயன்படுத்தியதில்லை.

புயல் என்று வந்தால் சோலாருக்குத்தான் என் ஓட்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபோது கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்டில்லாமல் கிடந்த ஊர் இது. அதற்காகவே வாசலில் ஒரு சோலார் விளக்கும் வைத்திருக்கிறோம்.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் என்றால் உப்புக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம், அலுமினிய பாடியே போதும். எங்கே இருந்தாலும் எஸ்டிமேட்டில் எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்சும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மழையில் நனையும் லைன் அது, குழந்தைகள் கை படும் உயரத்தில் இருக்கிறது.