மாதாந்திர சினிமா பாஸா, கவுண்டர் டிக்கெட்டா? ஒரு வேலூர்க் கணக்கு

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் மறுபடி கோட்டைக்குள் வந்துவிட்டதால் மூன்றாவது இடம் காலியாகத்தான் இருக்கிறது. யோசிக்காமல் மாதாந்திர பாஸ் எடுப்பவர்கள் அந்த இடத்தில் ‘படம் இல்லாத பாஸ்’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய வேலூர் மாவட்டக்காரர்களில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இருப்பவர்களில், பெரும்பாலானோருக்குப் ஒவ்வொரு படத்துக்கும் தனியாக டிக்கெட் வாங்குவதுதான் லாபம். விதிவிலக்காக இரண்டு கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றிப் பின்னால் வரும்.

பாஸ் என்றால் எது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். பிவிஆர் ஐநாக்ஸ் 2023 அக்டோபரில் ‘பாஸ்போர்ட்’ என்ற பெயரில் கொண்டுவந்தது மாதம் 699 ரூபாய்க்குப் பத்துப் படம். திங்கள் முதல் வியாழன் வரைதான் செல்லும். ஐமேக்ஸ், கோல்டு, லக்ஸ் மாதிரியான உயர்வகை அரங்குகளுக்குச் செல்லாது. குறைந்தது மூன்று மாதச் சந்தா. அப்போது தென்மாநிலங்களைச் சேர்க்கவே இல்லை. அடுத்த ஆண்டு 349 ரூபாய்க்கு நாலு படம் என்று சின்னதாக ஒன்று வந்தது. விலையும் விதியும் இப்படி மாறிக்கொண்டே இருப்பவை. அதனால் இந்த இரண்டையும் மாதிரிக்கு வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். உங்கள் ஆப்பில் இன்று என்ன விலை காட்டுகிறதோ அதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறார்கள்? செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்குப் போய்ப் பார்த்தால் பதில் தெரியும். ஏசி ஓடுகிறது, புரொஜெக்டர் ஓடுகிறது, முக்கால்வாசி நாற்காலி காலி. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் தியேட்டருக்குக் கூடுதல் செலவு பெரிதாக இல்லை. இன்டர்வெல்லில் பாப்கார்ன் வாங்கினால் வரவு. தியேட்டரே நடத்தும் பாஸ் தாக்குப்பிடிக்கக் காரணம் இதுதான். அமெரிக்காவில் மூவிபாஸ் என்ற நிறுவனம் 2017-ல் மாதம் 9.95 டாலருக்குத் தினம் ஒரு படம் என்று அறிவித்தது. அதற்குச் சொந்தத் தியேட்டர் கிடையாது. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் முழு விலையைத் தியேட்டருக்குக் கட்ட வேண்டியிருந்தது. 2019 செப்டம்பரில் கடையைச் சாத்திவிட்டார்கள். ஆக, தியேட்டர் பாஸ் மோசடி ஒன்றும் இல்லை. காலி நாற்காலியை விற்கும் வியாபாரம். உங்களுக்குத் தோதான நேரத்தில் அந்த நாற்காலி காலியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

விலையைப் பார்ப்போம். பாஸ் விளம்பரத்தில் வரும் ‘சேமிப்பு’ மும்பை, டெல்லி டிக்கெட் விலையை மனதில் வைத்தது. அங்கே 350, 400 சாதாரணம். தமிழ்நாட்டில் அப்படி ஏற்ற முடியாது. 2017 அக்டோபர் அரசாணைப்படி மல்டிபிளெக்ஸில் வரி சேர்க்காமல் அதிகபட்சம் 150 ரூபாய். ஜிஎஸ்டி, உள்ளாட்சி கேளிக்கை வரி எல்லாம் சேர்த்தால் தமிழ்ப் படத்துக்கு 180-க்கும் 190-க்கும் நடுவில் நிற்கும். மல்டிபிளெக்ஸ் அல்லாத நகர ஏசி தியேட்டருக்கு உச்சவரம்பு 100. அதற்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான் (100 ரூபாய்க்கு மேல் போனால் 18). வரியோடு 115-ஐத் தாண்டாது.

நாலு பட பாஸில் ஒரு படம் 87 ரூபாய். மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டை 185 என்று வைத்தால் மாதம் இரண்டு படம் பார்த்தாலே பாஸ் பணம் எடுத்துவிடும், நாலும் பார்த்தால் 391 ரூபாய் மிச்சம். இதுவரை பாஸ்தான் ஜெயிக்கிறது. சாதா ஏசி தியேட்டரோடு ஒப்பிட்டால் மூன்று படம் பார்த்தும் கையைக் கடிக்கும்; நாலாவது பார்த்தால்தான் நூறு ரூபாய் மிஞ்சும். முன்வரிசையில் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கத் தயங்காதவருக்கு 60 ரூபாய் அளவிலான டிக்கெட்டே இருப்பதால் பாஸ் பேச்சுக்கே இடமில்லை. பத்துப் பட பாஸுக்கு 699 என்றால் நாலு படம் பார்த்தாக வேண்டும்.

காகிதத்தில் கணக்கு இவ்வளவுதான். வேலூரில் அது உடைவது வேறு இடத்தில்.

பாஸ் கட்டடத்தோடு வருகிறது, படத்தோடு வருவதில்லை. ஒரு நிறுவனத்தின் பாஸ் அந்த நிறுவனத்தின் ஸ்கிரீனில் மட்டுமே செல்லும். சென்னையில் இது பெரிய குறையாகத் தெரியாது. அமிஞ்சிக்கரையில் ஷோ இல்லையென்றால் வேளச்சேரி, அதுவும் இல்லையென்றால் மயிலாப்பூர் என்று கிளைகள் இருக்கின்றன. நம் ஊரில் ஒரே நிறுவனத்துக்கு ஒரு கட்டடம் இருந்தாலே பெரிது. இரண்டாவது கிளைக்குப் போக வேண்டுமென்றால் சென்னைக்கு 140 கிலோமீட்டர். நீங்கள் பார்க்க நினைக்கும் படம் பாஸ் செல்லாத தியேட்டரில் நல்ல நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பாஸ் செல்லும் இடத்தில் ஏற்கெனவே பார்த்த படம்தான் நாலு ஸ்கிரீனில் மூன்றை அடைத்துக்கொண்டு நிற்கும். பெரிய நடிகர் படம் வந்த வாரத்தில் இது கட்டாயம் நடக்கும்.

இதோடு கிழமைக் கட்டுப்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். மாதத்தில் திங்கள் முதல் வியாழன் வரை பதினாறிலிருந்து பத்தொன்பது நாள் வரும். தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் படத்தின் பக்கமிருந்து எண்ணினால் கதை வேறு. வெள்ளிக்கிழமை ரிலீஸ். முதல் மூன்று நாள் பாஸ் செல்லாது. திங்கட்கிழமை காலை வசூலைப் பார்த்து ஷோவை மாற்றுவார்கள். சுமாராகப் போகும் சின்னப் படத்துக்கு நாலு ஷோ இரண்டாகும். அந்த இரண்டும் மாலை ஆறரை ஷோவாக இருக்காது, அதைப் பெரிய படத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். சின்னப் படத்துக்கு மிஞ்சுவது காலைக் காட்சியும் ராத்திரி பத்தேகாலும். வியாழனோடு படத்தைத் தூக்கிவிட்டால், வேலைக்குப் போகும் ஒருவர் அந்தப் படத்தை பாஸில் பார்க்கக் கிடைப்பது நாலு நைட் ஷோ. ராத்திரி ஒரு மணிக்கு வெளியே வந்து மறுநாள் எட்டு மணிக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் நிற்க வேண்டும் என்றால், அந்த நாலில் எத்தனை தேறும்?

முரண்பாடு என்னவென்றால், பாஸ் எடுக்கத் தோன்றுவதே சின்னப் படங்களுக்காகத்தான். பெரிய நடிகர் படத்தை ரசிகன் முதல் நாளே பார்த்துவிடுவான், அன்றைக்கு எந்தப் பாஸும் செல்லாது. ‘காசு கொடுத்துப் போகலாமா வேண்டாமா’ என்று தயங்கும் படத்துக்குத்தான் பாஸ் உதவ வேண்டும். அந்தப் படம்தான் நம் ஊரில் முதலில் மறைகிறது.

ஊர்த் தூரத்தையும் விட முடியாது. காட்பாடி, சத்துவாச்சாரிக்காரர்களுக்குப் பரவாயில்லை. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமே இல்லை என்பதால் ஃபர்ஸ்ட் ஷோவுக்குப் போய்வரப் போக்குவரத்துச் செலவு பூஜ்யம். குடியாத்தம், ஆற்காட்டிலிருந்து பைக்கில் வந்தால் போக வர ஐம்பது அறுபது கிலோமீட்டர். பெட்ரோலுக்கே நூறு ரூபாய்க்கு மேல் ஆகும். 87 ரூபாய் டிக்கெட்டுக்கு நூறு ரூபாய் பெட்ரோல் என்றால், சொந்த ஊர் தியேட்டரில் 110 கொடுத்துப் பார்ப்பது தேவலை.

குடும்பத்துக்கு பாஸ் ஒத்துவராது என்பதைச் சொல்லவே வேண்டாம். அது ஒரு ஆளுக்கு. நாலு பேர் போனால் ஒரு டிக்கெட் பாஸில், மூன்று காசில். அதுவும் வாரநாளில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு.

ஓடிடியையும் ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம். தமிழ்ப் படங்கள் பல நாலு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. வியாழனோடு தூக்கிய படத்தை மூன்று வாரம் பொறுத்தால் வீட்டிலேயே பார்க்கலாம் என்பது பாஸின் மதிப்பைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்கிறது. ஒன்று மட்டும்: மே மாதக் கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் மதியத்தில் மூன்று மணி நேரம் ஏசியில் உட்காருவதற்கு ஓடிடியில் வழியில்லை. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் பாஸ் கிடைத்தால் வேலூரில் நன்றாகவே விற்கும்.

இனி யாருக்கு பாஸ் பொருந்தும் என்பது. முதல் கூட்டம், ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்கள். சிஎம்சி மாதிரியான பெரிய ஆஸ்பத்திரிகளில் நர்ஸ், டெக்னீஷியன்களுக்கு வார விடுமுறை ஞாயிறில்தான் வரும் என்றில்லை. புதன்கிழமை வரலாம், நைட் டியூட்டி முடித்த மறுநாள் மதியம் காலியாக இருக்கலாம். காலி நாற்காலியும் காலி நேரமும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. பன்னிரண்டு மணிக் காட்சிக்கு நடந்தே போகும் தூரத்தில் விடுதி இருந்தால் தயங்காமல் எடுக்கலாம்.

இரண்டாவது கூட்டம், கல்லூரிப் பிள்ளைகள். விஐடி பக்கம் தமிழோடு தெலுங்கு, இந்தி, ஆங்கிலப் படங்களும் பார்க்கும் பிள்ளைகள் அதிகம். பார்க்கத் தகுந்த படங்களின் எண்ணிக்கை தானாகவே கூடிவிடுகிறது. வேற்றுமொழிப் படத்துக்குக் கேளிக்கை வரி தமிழ்ப் படத்தைவிட அதிகம் என்பதால் பாஸில் மிச்சமும் கொஞ்சம் கூடும். ஆனால் மூன்று மாதச் சந்தா என்றால் அதற்குள் ‘கேட்’ என்ற இடைத்தேர்வு ஒன்றாவது வந்துவிடும், செமஸ்டர் முடிவில் ‘ஃபேட்’ என்ற இறுதித் தேர்வு வரும், விடுமுறைக்கு ஊருக்குப் போவார்கள். மூன்றில் ஒரு மாதம் வீண் என்று வைத்தே கணக்குப் போட வேண்டும். 1,047 ரூபாயை இரண்டு மாதத்தால் வகுத்தால் மாதம் 523. அப்போது இரண்டு படம் போதாது, மூன்று வேண்டும். விடுதிக்குள் திரும்ப வேண்டிய நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்; நைட் ஷோ பலருக்கு இல்லவே இல்லை.

உங்கள் நிலை இந்த இரண்டிலும் சேராமல், இருந்தும் ஆசை விடவில்லை என்றால், பத்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. டிக்கெட் ஆப்பில் கடந்த மூன்று மாத புக்கிங்கைத் திறந்து ஒரு தாளில் எழுதுங்கள். கவுண்டரில் வாங்கியதை ஜிபே கணக்கில் தேடிச் சேருங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு பார்த்ததை அடித்துவிடுங்கள். வேறு தியேட்டரில் பார்த்ததை அடியுங்கள். ரிக்ளைனர், உயர்வகை அரங்கு இருந்தால் அதையும். மிஞ்சியதை மூன்றால் வகுங்கள். இரண்டுக்கு மேல் வந்தால் 349-க்கு நாலு என்பது வாங்கத் தகுந்தது. நாலுக்கு மேல் வந்தால்தான் 699-ஐ நினைக்க வேண்டும். பன்னிரண்டு பெயர் எழுதிய தாளில் அடித்து முடித்தபின் இரண்டு மூன்று மிஞ்சுவதுதான் வழக்கம். ‘பாஸ் இருந்தால் அதிகம் பார்ப்பேன்’ என்ற வாதம் வரும். உண்மைதான், பார்ப்பீர்கள். அப்படிக் கூடுதலாகப் பார்க்கும் ஒவ்வொரு படத்துக்கும் வண்டி நிறுத்தும் காசும் இன்டர்வெல் செலவும் உண்டு. மாதம் முழுக்கச் சேமித்த 391 ரூபாயை இரண்டு பாப்கார்னும் ஒரு கூல்டிரிங்கும் விழுங்கிவிடும். தண்ணீருக்காவது காசு கொடுக்காதீர்கள். இலவசமாகக் குடிநீர் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எடுப்பதாக முடிவானால், பணம் கட்டும் முன் விதிப் பக்கத்தில் நாலு விஷயம் தேடுங்கள். உங்கள் ஊர்த் தியேட்டர் பட்டியலில் இருக்கிறதா? ஆன்லைன் புக்கிங் கட்டணம் பாஸில் அடங்குமா, ஒவ்வொரு முறையும் தனியாகப் பிடிப்பார்களா? (ஒரு டிக்கெட்டுக்கு முப்பது ரூபாய்க்கு மேல் போனால் 87 என்பது 120 ஆகிவிடும், சாதா ஏசி தியேட்டரோடு இருந்த வித்தியாசமே கரைந்துவிடும்.) டிக்கெட்டை ரத்து செய்தால் அந்தப் படம் கணக்கில் திரும்ப வருமா? பார்க்காத படம் அடுத்த மாதத்துக்கு நகருமா?

புக் செய்யும்போது சீட் தேர்ந்தெடுத்த பிறகு, பணம் கட்டும் பக்கத்தில்தான் பாஸைத் தேர்வு செய்ய வேண்டும். நண்பர்களோடு போனால் ஒரு சீட்டுக்கு மட்டும் கழியும், மீதிக்குப் பணம் கேட்கும். பாஸ் உங்கள் பெயரில் இருப்பதால் ஆதாரோ கல்லூரி அடையாள அட்டையோ எது செல்லும் என்று பார்த்துக் கையில் வைத்திருங்கள். தம்பிக்குக் கொடுத்தனுப்பினால் வாசலில் நிறுத்திவிடுவார்கள். வியாழன் நைட் ஷோவைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள், அன்று ஷோ ரத்தானால் அடுத்து பாஸ் செல்வது திங்கட்கிழமை. அதற்குள் படம் போயிருக்கும்.

சந்தா தானாகப் புதுப்பிக்கும் வகையாக இருந்தால், பிடித்தம் செய்வதற்கு 24 மணி நேரம் முன்பாவது செய்தி வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ் விளம்பரச் செய்திகளுக்கு நடுவே புதைந்துவிடும். பாஸ் வாங்கிய அன்றைக்கே யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, அந்த அனுமதி எந்தத் தேதிவரை ஓடுகிறது என்று பார்த்து, காலண்டரில் இரண்டு நாள் முந்தி குறித்துவையுங்கள்.