ட்ரோனால் தோட்டம் செய்து பைத்தன் பழகினோம்: ஒரு வருடத்துக்கு மேலான அனுபவம்

மருமகன் ஏ.எல். (உயர்தரம்) ஐசிடி, அதாவது தகவல் தொழில்நுட்பப் பாடம், செய்கிறான். பாடத்திட்டத்தில் பைத்தன் என்ற கணினி நிரல் மொழி இருக்கிறது, ரியூசனில் நோட்ஸும் பாஸ்ட் பேப்பரும் குறைவில்லை, ஆனால் வெற்றுத் திரையைத் திறந்துவிட்டு நாலு வரி நீயாக எழுது என்றால் முழிப்பான். அதற்காக வாங்கியதுதான் 'தி ஃபார்மர் வோஸ் ரிப்ளேஸ்ட்'. டிமோன் ஹெர்சொக் என்பவர் உருவாக்கிய கணினி விளையாட்டு, 2023 இல் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் முன்னோட்டமாக வந்து 2025 அக்டோபரில் 1.0 ஆனது. ஒரு வருடத்துக்கு மேலாக வீட்டு லப்டொப்பில் ஓடுகிறது, அவனைவிட நான்தான் கூட விளையாடியிருப்பேன்.

சின்ன நிலத்தில் ஒரு ட்ரோன் நிற்கும். அதை மவுஸால் நகர்த்த முடியாது, பைத்தன் மாதிரியான மொழியில் எழுதித்தான் ஏவ வேண்டும். புல் வெட்டு, பற்றை நடு, மரம் வை, கரட் போடு என்று போகும். யாழ்ப்பாணத்தில் சுன்னாகம், கோண்டாவில் பக்கத்துத் தோட்டக்காரர் பார்த்தால் சிரிப்பார்கள், தண்ணீர் இறைக்காமலே கரட் வரும், ஊற்றினால் கெதியாக வரும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது இதுதான்: தொடக்கத்தில் லூப்பே, அதாவது ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கட்டளையே, கிடையாது! ஒவ்வொரு முறையும் நாமே ரன் பட்டனை அழுத்திப் புல்லை வெட்டி, அந்த வைக்கோலைக் கொடுத்துத்தான் லூப்பைத் திறக்க வேண்டும். கை அலுத்துப்போன நேரத்தில் வைல் (while) என்ற லூப் கிடைக்கும்போது அது எதற்கு என்று யாரும் விளக்கத் தேவையில்லை. இதற்கு முன் ஃபோனில் பழகிய ஆப் ஒன்றில் சரியான விடையைத் தொட்டால் நட்சத்திரம், தினமும் வந்தால் பதக்கம். அவன் பதக்கம் நிறையச் சேர்த்தான், ஃபோர் லூப் எழுதத் தெரியாது. இங்கே பரிசே அடுத்த கட்டளைதான்.

பூசணிக் கட்டம் வந்ததும் இன்னும் நன்றாக விளங்கியது. பக்கத்துப் பக்கத்தில் நட்ட பூசணிகள் சதுரமாக முழுதும் முற்றினால் ஒரே பெரும் பூசணியாகச் சேரும். 6க்கு 6 கட்டத்தில் தனித்தனியாகப் பறித்தால் 36, சேர்த்துப் பறித்தால் 216. ஆனால் ஐந்தில் ஒன்று முற்றும்போது செத்துவிடும். மருமகன் முதலில் எழுதியது, 36 இடத்துக்கும் போய்ப் பார், செத்திருந்தால் திரும்ப நடு, எல்லாம் சரியாகும்வரை சுற்று. வேலை செய்தது, ஆனால் ட்ரோன் நல்ல பூசணிகளையும் ஒவ்வொரு சுற்றிலும் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தது, அந்தப் பாழாகும் நேரம் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது. முதல் சுற்றில் ஏழு எட்டுத்தான் சாகும், அதிலும் அடுத்த சுற்றில் ஒன்றிரண்டுதான் சாகும், மற்ற இடத்துக்கு ஏன் போக வேண்டும் என்று அவனே கேட்டு, செத்த இடங்களை மட்டும் ஒரு லிஸ்டில் போட்டு அங்கே மட்டும் போக வைத்தான். நோட்ஸில் லிஸ்டுக்கு இரண்டு பக்கம் இருந்தது, அதில் இந்தக் கேள்வி இல்லை.

பிறகு கள்ளிச்செடி வரும். உயர வரிசைக்கு அடுக்கிவிட்டுப் பறித்தால்தான் விளைச்சல் பல மடங்கு பெருகும், ஆக சோர்ட்டிங். புதிரான பாதையில் புதையல் தேடுவது, பாம்பு விளையாட்டு மாதிரி வால் நீளும் டைனோசர் எல்லாம் உண்டு. 1.0 இல் பல ட்ரோன்களை ஒன்றாக ஏவலாம், அது எனக்கே தலை சுற்றியது.

பரீட்சைக்கு இது மட்டும் போதாது. விளையாடுபவரிடம் எண் கேட்டு வாங்கும் இன்புட் கட்டளை இல்லை, பைத்தனில் உள்ள கிளாஸ் (class) என்ற அமைப்பும் இல்லை. இலக்கம் வாங்கிச் சராசரி கண்டுபிடி என்ற வகைப் பாஸ்ட் பேப்பர் கேள்விகளை இதில் செய்து பார்க்க முடியாது, அதற்கு பைத்தனோடு வரும் ஐடில் (IDLE) என்ற எழுதி ஓட்டும் செயலி வேண்டும். திரையில் எழுத்தைக் காட்டும் பிரின்ட் கட்டளையைப் போட்டால் ட்ரோன் புகையால் வானத்தில் எழுதும்! பார்க்க வடிவு, பிழை தேடும்போது பொறுமை போகும். அதற்குக் குயிக் பிரின்ட் என்று வேறொன்று இருக்கிறது, ஆரம்பத்திலேயே பழக்கிவிடுங்கள். கடைசிக் கட்டங்களில் அடுத்ததைத் திறக்கக் கொடுக்க வேண்டிய விளைச்சல் ஏறிக்கொண்டே போகும், இரவு முழுக்க ஓட விட்டுவிட்டுத் தூங்குவதுதான். அந்தப் பகுதியில் படிப்பு குறைவு.

தமிழில் இப்படி ஒன்று செய்ய நினைக்கும் நண்பர்கள் புள்ளி அட்டவணையையும் கார்ட்டூன் கிளியையும் முதலில் வரைந்து வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்டளையை எவ்வளவு நேரம் கொடுக்காமல் வைத்திருப்பது என்று முதலில் முடிவெடுங்கள் என்றேன், கிளி நல்லாயிருக்கிறதே என்றார்கள்.

வாங்குபவர்களுக்கு ஒன்று: யூரியூபில் எல்லாக் கட்டத்துக்கும் ஆயத்தக் கோட் கிடக்கிறது, கொப்பி பண்ணினால் நிலம் நிறைய விளையும், பிள்ளை பழைய இடத்திலேயே நிற்கும். இரண்டு பேர் ஒரே லப்டொப்பில் விளையாடினால் தனித்தனிச் சேவ் வைத்துக்கொடுங்கள், சண்டை குறையும்.